முதற் கிதார்

பாக்தாதிலே கலீஃபா ஹாரூன் அல்ரஷீதின் அவைக்கு ஸிர்யாப் என்னும் இளைஞன் அழைத்து வரப்பட்ட கதையை அன்பர்களுள் சிலர் அறிந்திருக்கக் கூடும். அவனுடைய ஆசிரியர் அக்காலத்தின் இசைப் பேரறிஞரான இஸ்ஹாக் அல்மவ்ஸிலீ. கலீஃபா அந்த ஆசிரியரின் ஊத் கருவியைக் கொடுத்து இசைக்கச் சொன்னார். இளைஞன் பணிவோடு மறுத்துவிட்டான். ஆசிரியரின் முறையில் இசைக்கவேண்டுமானால் அவர் கருவி போதும். தன் முறையில் இசைக்கத் தன் கருவியே வேண்டும் என்றானாம். கொண்டு வந்து பார்த்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தன. கலீஃபாவுக்கு வியப்பு. இளைஞனோ எடையிலும் தந்தியிலும் உள்ள வேறுபாட்டை எடுத்துரைத்தான். பதினேழாம் நூற்றாண்டில் அல்மக்கரீ எழுதிய அந்தலூஸிய வரலாற்றில் இச்செய்தி காணப்படுகின்றது. இது நடந்ததா, புனைந்ததா என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகின்றனர். எப்படியாயினும், கருவி பிடித்த கை ஒன்றுதான் இக்கதையைச் சொல்லியிருக்க முடியும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இதை நாம் படித்தது தலை நரைத்த பிறகு. இதன் பொருளைக் கற்றதோ பதினேழாம் வயதில், நாமக்கல்லில், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில்.

அப்போது நாமக்கல் தனி மாவட்டமன்று. 1997 ஜனவரி முதல் நாளில்தான் அது சேலத்திலிருந்து பிரிந்தது. மலைக்கோட்டையின் அடியிலிருந்து எந்தச் சாலையில் நடந்தாலும் சுத்தியல் ஓசை கேட்கும். வெறும் சட்டமும் எஞ்சினுமாக வந்து நிற்கும் லாரிக்கு மரமும் தகரமும் கொண்டு உடல் கொடுத்து, வண்ணம் தீட்டி, ஊர் பார்க்க அனுப்புவது அவ்வூரின் பெருந்தொழில். நம் தமையனார் அத்தகைய லாரி ஒன்றின் ஓட்டுநர். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போவார். வங்காளத்தார் ஜவ்வரிசியை விரும்பி உண்பவர்கள். திரும்பும்போது சணல் சாக்கு ஏற்றி வருவார். 1978-ஆம் ஆண்டு, மழை தொடங்குமுன், அப்படித் திரும்பிய ஒரு நாளில், சாக்குக் கட்டுகளின் நடுவே இன்னொரு சாக்கில் சுற்றிய நீண்ட பொருள் ஒன்றை இறக்கினார்.

“தம்பி, நீ கேட்டதுதான். சித்பூர் சாலையிலே வாங்கினேன். அத்தாவிடம் இப்போது சொல்லாதே” என்றார்.

நாம் கேட்டது உண்மைதான். கேட்டதற்குக் காரணம் திரைப்படம். ‘யாதோன் கீ பாராத்’ 1973-இல் வந்து தமிழ்நாட்டு இளைஞர்களைக் கிறங்க அடித்தது. அதையே தமிழாக்கி 1975-இல் ‘நாளை நமதே’ வந்தது. அதில் மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதனின் இசை. அக்காலத்துப் பையன்களில் பாதிப்பேர் கண்ணாடி முன்னே துடைப்பத்தைக் கிதாராகப் பிடித்து நின்றவர்கள்தாம். நாமும் நின்றோம். ஆனால் நம் தமையனார் நம்மை நம்பினார். 420 ரூபாய் கொடுத்து வாங்கியதாகப் பின்னொரு நாள் தெரிந்துகொண்டோம். அந்தப் பயணத்தில் வழியிலே அவர் எத்தனை வேளை உண்ணாமல் இருந்தார் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

சாக்கை அவிழ்த்தபோது சிவப்பு வண்ணத்தில் மின்சாரக் கிதார் ஒன்று இருந்தது. அமெரிக்கக் கிதார்களின் வடிவைப் பார்த்து இங்கே செய்தது. செய்தவர் பெயரை எழுத வேண்டியதில்லை. குறை சொல்லப் போகிறோம். மரம் சரியாக உலரவில்லை போலும். நான்கைந்து நாள் லாரியின் வெப்பத்தில் வந்ததில் கழுத்துப் பகுதி வில்லாக வளைந்திருந்தது. வீணையில் மெட்டு என்போமே, அதுபோன்ற உலோகக் கட்டைகளுக்கும் தந்திகளுக்கும் இடையே நல்ல கிதாரில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். நம்முடையதில் பன்னிரண்டாம் கட்டையருகே ஒரு பென்சிலையே நுழைக்கலாம். ஒரு தந்தியை அழுத்துவது ஒரு கதவைத் தள்ளுவது போலிருந்தது. முதல் வாரத்திலேயே இடக்கை விரல் நான்கும் வெடித்துக் குருதி கண்டது.

தமையனார் அதைப் பட்டறைக்குத் தூக்கிப் போனார். கூண்டு கட்டும் தச்சர் ஒருவர், கிதாரை அதற்கு முன் கையால் தொட்டறியாதவர், லாரிச் சட்டத்தைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதை நெடுக்காகப் பார்த்தார். “கழுத்து சாய்ந்திருக்கிறது; வேறொன்றுமில்லை” என்றார். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் லாரித் தகரத்தின் துண்டு ஒன்றைச் செருகித் திருகாணியை முடுக்கினார். தந்திகள் தாங்கும் கட்டை நசுங்கியிருந்ததால் பழைய பித்தளைத் தகட்டை அராவிப் புதிதாக ஒன்று செய்து வைத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். தந்தியின் உயரம் பாதியாயிற்று. அதற்குக் கீழே இறக்கினால் தந்திகள் கட்டையில் உராய்ந்து கரகரத்தன. ஆகவே அந்தப் பாதிப் பென்சில் உயரமே நமக்கு விதித்த உயரமாயிற்று.

இனிச் சொல்லப் போவது இசையைப் பற்றியதாயினும் உண்மையில் அந்த உயரத்தைப் பற்றியதே.

தந்தி உயர்ந்திருந்தால் விரல் விரைந்தோடாது. ஒரு நொடியில் பத்து ஸ்வரங்களைக் கொட்டுவோரைக் கண்டு நாம் பொறாமைப்பட்டதுண்டு; முயன்றும் பார்த்தோம். கை மறுத்தது. ஆகவே எந்த ஸ்வரத்தை அழுத்துவது, எதை விட்டுவிடுவது என்று முன்கூட்டியே எண்ண வேண்டியதாயிற்று. நாலு ஸ்வரம் போகும் இடத்தில் ஒன்றை வைத்து, அதையே நீட்டி, நடுக்கி, விட்டோம். வலிய தந்தியை அழுந்த அடித்தால்தான் அது பாடும். மெல்ல வருடினால் ஊமையாகும். அதிலும் தந்தி அறுந்தால் சேலத்தில் உடனே கிடைக்காது. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து ஓர் இழையை முறுக்கிப் பூட்டிய நாட்களும் உண்டு. உருக்கு உருக்குதான், காந்தத்துக்குப் பிரேக் கம்பி என்றும் கிதார்த் தந்தி என்றும் பேதம் தெரியாது.

காந்தம் என்றோம். மின்சாரக் கிதாரின் உயிர் அதிலேதான் இருக்கின்றது. தந்திகளின் அடியில் சிறு காந்தங்கள். அவற்றைச் சுற்றி முடியினும் மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். உருக்குத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் கலங்கும். கலங்கினால் செப்புச் சுருளில் இம்மியளவு மின்னோட்டம் பிறக்கும். அதை ஒலிபெருக்கி பெரிதாக்கும். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் என்னும் பெயரில் வெளிவந்த கருவியே இவ்வகையில் முதன்மையானது. தட்டையான வட்டமும் நீண்ட கைப்பிடியுமாக இருந்ததால் அதைப் ‘பொரிக்கும் சட்டி’ என்று வேடிக்கையாக அழைத்தார்களாம்.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு தீய பழக்கம் உண்டு. தந்தியின் ஓசையோடு சுற்றிலுமுள்ள மின் கம்பிகளின் இரைச்சலையும் அது உறிஞ்சிக்கொள்ளும். சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று வண்டு போல முரலும். இதை ஒழிக்கவே 1955-இல் கிப்ஸன் நிறுவனத்தின் ஸேத் லவர் என்பவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஒரு வழி கண்டார். நம் கிதாரில் அந்த வசதி இல்லை. நாம் அந்த வண்டோடுதான் வளர்ந்தோம்.

இங்கே ஒரு விந்தையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகின்றது. அமெரிக்காவில் 60 முறை. மேனாட்டு இசையில் ‘ஜி’ எனப்படும் ஸ்வரத்தின் ஆழ்ந்த நிலையொன்று நொடிக்கு 49 அதிர்வுகள். அதாவது நம் வீடுகளில் முரலும் வண்டு ஏறக்குறைய ‘ஜி’யில் முரல்கின்றது, அதன் மடங்குகளான 100-உம் 200-உம் அப்படியே. தென்னாட்டில் மின்பற்றாக்குறை மிகுந்திருந்த காலங்களில் அந்த 50 தளர்ந்து 49-க்கும் கீழே இறங்கியதுண்டு. இறங்கும் வழியில் ஒரு கணம் அது துல்லியமான ‘ஜி’யாக நின்றிருக்க வேண்டும். நாம் எந்தப் பாட்டை எடுத்தாலும் கை தானாக ‘ஜி’க்கே போய் நிற்பதேன் என்று பல்லாண்டுகள் நமக்கு விளங்கவில்லை. தம்புரா இல்லாத வீட்டில் மின்சார வாரியமே நமக்குச் சுருதி போட்டிருக்கின்றது! அமெரிக்கச் சிறுவனுக்கு இந்தப் பேறு இல்லை. அவன் வண்டு இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே எங்கோ தொங்குகின்றது.

அத்தாவின் செய்திக்கு வருவோம். அவர்கள் ஐந்து நேரமும் ஜமாஅத்தோடு தொழுபவர்கள், கடை வைத்திருந்தார்கள், அதிகம் பேசமாட்டார்கள். இசைக்கருவிகளைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே பழங்காலம் முதலே கருத்து வேற்றுமை உண்டு. இசை கேட்பதைப் பற்றித் தம் ‘இஹ்யா’வில் தனிப்பகுதியே எழுதிய இமாம் கஸ்ஸாலீ அவர்களும் தந்திக் கருவிகளை விலக்கியே வைத்தார்கள். ஃபாராபீயோ இசைக்கென்று பெருநூல் எழுதி, ஊத்தின் கட்டைகளையெல்லாம் அளந்து வைத்தார். அந்த ஆராய்ச்சிக்குள் புகும் தகுதி நமக்கில்லை. அத்தாவுக்குக் கந்தூரியில் பக்கீர்கள் கொட்டும் தாயிரா பிடிக்கும், நாகூர் ஈ. எம். ஹனீஃபாவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தால் கடையில் தராசு ஒரு கணம் நிற்கும். ஆனால் தம் வீட்டில், தம் மகன் கையில், தந்தி பூட்டிய கருவி என்பது வேறு.

மூன்றாம் நாள் அவர்கள் அதைக் கண்டுவிட்டார்கள். கோபிக்கவில்லை. “இஷாவுக்குப் பிறகு சத்தம் கேட்கக் கூடாது. பாங்கு நேரத்தில் தொடக் கூடாது. படிப்பு கெட்டால் நானே கொண்டுபோய்ப் பட்டறை அடுப்பில் வைப்பேன்” என்றார்கள். பிறகு பல மாதம் அந்தக் கருவியின் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. அதைத் தாண்டிப் போகும்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அடித்திருந்தால் தேவலை என்று நமக்குத் தோன்றியதுண்டு.

இஷாவுக்குப் பிறகுதான் நமக்கு ஓய்வு. ஆகவே ஒலிபெருக்கியில் இணைக்காமல் இருட்டில் வாசித்தோம். மின்சாரக் கிதாருக்கு வயிறு இல்லை. இணைக்காவிட்டால் கொசுவின் ரீங்காரம்தான். அடுத்த அறையில் அத்தாவின் இருமல். அவர்கள் இருமினால் நம் விரல் தானாகத் தந்திகளை மூடும். இருமல் அடங்கினால் மீண்டும் ஒரு ஸ்வரம். இப்படி ஐந்தாண்டுகள். இன்றும் நாம் வாசிப்பதைக் கேட்பவர்கள், ஒரு வரிக்கும் மறு வரிக்கும் நடுவே ஏனோ நிறுத்துகிறீர்கள், அந்த நிறுத்தம் நன்றாயிருக்கிறது என்பார்கள். அது யாருடைய நிறுத்தம் என்பது நமக்குத் தெரியும்.

ஒரு நாள் இரவு ஊர் முழுதும் மின்வெட்டு. புழுக்கம் தாங்காமல் அத்தா திண்ணைக்கு வந்து அமர்ந்தார்கள். நாம் அங்கேதான் கிதாரோடு இருந்தோம். இருட்டில் அவர்கள் வந்தது தெரியவில்லை. ஒரு மெட்டை முடித்துவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. உடல் வியர்த்துவிட்டது. அவர்கள் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டிருந்துவிட்டு, “அந்தப் பெட்டி இல்லாமலேயே நன்றாகத்தானே இருக்கிறது” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்கள். பெட்டி என்றது ஒலிபெருக்கியை. நம் இசையைக் குறித்து அவர்கள் வாழ்நாளில் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

பிறகு சேலத்து மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்தோம். சேலம் இசைக்கு அந்நியமான ஊரன்று. 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் இருந்தது. தமிழின் முதல் வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அங்கிருந்துதான் 1956-இல் வந்தது. நிக்காஹ் வீடு, கோயில் திருவிழா, பொருட்காட்சி என்று சங்ககிரி, ராசிபுரம், திருச்செங்கோடு எங்கும் போனோம். குழுவில் கிதாருக்கென்று தனி ஒலிபெருக்கி ஏது? பாடகரின் மைக்கோடு சேர்த்து, கூம்புக் குழாயிலேயே நம் ஓசையும் போகும். அந்தக் குழாய் ஆழ்ந்த ஓசையை விழுங்கிவிடும். நடு ஓசையை மட்டும் மைல் தூரத்துக்கு வீசும். நமக்குக் கிதார் என்றால் இன்றும் அந்த நடு ஓசைதான். பேரப்பிள்ளைகள் கேட்கும் பாட்டில் அடிவயிற்றைக் குலுக்கும் ஆழ்ந்த முழக்கம் வந்தால், ஏதோ லாரி பின்னோக்கி வருகிறது என்று ஒதுங்கத் தோன்றுகிறது.

இது நம் ஒருவர் அனுபவம் மட்டுமோ என்று பிற்காலத்தில் எண்ணிப் பார்த்ததுண்டு. இல்லை. இங்கிலாந்தில் குயீன் குழுவின் பிரையன் மே, 1963-இல் பள்ளி மாணவனாயிருந்தபோது, தம் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிதார் செய்யத் தொடங்கினார். கடையில் வாங்கப் பணமில்லை. பழைய கணப்படுப்பின் மேற்சட்டத்து மரம் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்லும், தாயார் பின்னலூசியின் முனையும் உள்ளே போயின. உலகத்துச் சிறந்த கிதார்கள் எல்லாம் காலடியில் கொண்டுவந்து வைக்கப்பட்ட பிறகும் அவர் அறுபதாண்டுகளாக அதையே வாசிக்கின்றார்; அதுவும் ஆறு பென்னி நாணயத்தால் மீட்டி. ஸிர்யாப் மரத் துண்டுக்கு மாற்றாகக் கழுகின் இறகால் ஊத்தை மீட்டினான் என்பார்கள். தந்தியைத் தொடும் பொருளை மாற்றினால் மனிதனின் குரலே மாறுகின்றது. பிரையன் மே செய்தியைப் படித்தபோது நமக்கு நாமக்கல் தச்சரின் ஒற்றைக் கண்தான் நினைவுக்கு வந்தது.

நம் பக்கத்திலேயே மாண்டலின் யு. சீனிவாஸ் இருந்தார். 1969-இல் ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்தவர்; ஆறு வயதில் தந்தையாரின் மாண்டலினை எடுத்தார். அந்தச் சிறு கருவியில் கர்நாடக இசையின் கமகம் நிற்காது. ஓசை உடனே செத்துவிடும். வேறொருவராயின் வீணைக்கோ வயலினுக்கோ போயிருப்பார். அவர் போகவில்லை. இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தி பூட்டி, மின்சாரத்தை ஏற்றி, அந்தக் கருவியையே தம் வழிக்குத் திருப்பினார். 2014-இல் நாற்பத்தைந்தே வயதில் மறையும்வரை அதை விடவில்லை. குறையுள்ள முதற் கருவியே அவர் இசையின் வழியை வகுத்துவிட்டது எனலாம்.

ஏ. ஆர். ரஹ்மான் அவர்களின் கதை வேறு விதம். 1976-இல் தந்தை ஆர். கே. சேகர் மறைந்தபோது அவருக்கு வயது ஒன்பது. வீட்டில் எஞ்சியவை தந்தையின் மின்னிசைக் கருவிகள். அவற்றை விற்றுவிட்டு வட்டியில் வாழலாம் என்று சிலர் சொன்னபோது தாயார் மறுத்து, அவற்றை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்தினார். அந்தச் சிறுவனுக்குக் கருவி என்பது தந்தையும், சோறும், விளையாட்டும் ஆகிய மூன்றுமாக இருந்திருக்க வேண்டும். 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது, மெட்டுக்கு முன்னதாகவே ஓசையின் நிறம் நம்மை நிறுத்தியது நினைவிருக்கின்றதா? அந்த நிறத்தின் மீதுள்ள காதல் அந்த வீட்டிலேயே தொடங்கியிருக்கும் என்பது நம் எண்ணம்.

மறுப்பும் உண்டு. நம் குழுவில் இருந்த வேறொரு கிதார்க்காரரின் முதற்கருவி மந்தமான ஓசை உடையது. போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். அவர் பிற்காலம் முழுவதும் கண்ணாடி உடைவது போன்ற கூரிய ஓசையையே தேடி அலைந்தார். முதற்கருவியை அவர் வெறுத்தார். ஆனால் அந்த வெறுப்புத்தானே அவரைக் கூரிய ஓசையின் பக்கம் திருப்பியது? மாமியார் வீட்டை வெறுத்து ஓடும் மருமகளும் அவ்வீட்டுக்கு எதிர்த்திசையில்தான் ஓடுகிறாள்.

1983-இல் நம் தங்கைக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. நகைக்கடைக்குக் கொடுக்க வேண்டியதில் சிறு தொகை குறைந்தது. அத்தா யாரிடமும் கேட்கமாட்டார்கள், இரவெல்லாம் இருமினார்கள். நாம் கிதாரை ராசிபுரத்து இளைஞன் ஒருவனுக்கு 300 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்து, பணத்தை அம்மாவிடம் தந்தோம். எவரும் கேட்கவில்லை, நாமே செய்தோம். தமையனார் அன்று வடக்கே போயிருந்தார். திரும்பி வந்து வெறும் மூலையைப் பார்த்தவர், “எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே” என்றார். அந்தச் சொல் மட்டும் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. 420 ரூபாயில் எத்தனை வேளைப் பட்டினி இருந்தது என்று நாம் எண்ணாமல் விட்டுவிட்டோம்.

இரண்டாண்டு கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த அத்தா ஓர் உறையை நம் மேசைமேல் வைத்தார்கள். உள்ளே ஆயிரம் ரூபாய். “வேறொன்று வாங்கிக்கொள்” என்றார்கள். சுவரைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்துச் சொன்னார்கள். நம் சேமிப்பையும் சேர்த்துச் சென்னையில் ஒரு கலைஞரிடம் பழைய ஜப்பான் கிதார் ஒன்றை வாங்கினோம். பட்டுப் போன்ற கருவி. தந்திகள் மெட்டுக்கு மேலே மிதப்பது போலத் தாழ்ந்திருந்தன. இரட்டைச் சுருள், வண்டு முரலவில்லை. ஒரு மாதம் வாசித்துவிட்டு, திருகாணியை எடுத்துத் தந்திகளை உயர்த்தினோம். பிறகு பித்தளைக் கட்டை ஒன்று செய்யச் சொன்னோம். பார்த்தவர்கள், நல்ல குதிரைக்குக் கல் கட்டுகிறீரே என்று சிரித்தார்கள். கல் இல்லாமல் நமக்கு ஓட வரவில்லை.

அத்தா 1991-இல் வஃபாத் ஆனார்கள். 2006-இல் ஒரு வேலையாகக் கல்கத்தா போனபோது, சித்பூர் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையின் பின்புறத்தில் அதே வடிவம், அதே சிவப்பு, அதே காலத்துக் கருவி தூசியோடு தொங்கியது. கடைக்காரர் இறக்கித் தந்தார். நெஞ்சு படபடக்க வாங்கி, மடியில் வைத்து, ‘ஜி’யில் தொடங்கினோம். ஒன்றுமில்லை. கழுத்து நேராக இருந்தது. தகரத் துண்டு இல்லை, பித்தளை இல்லை, அடுத்த அறையில் இருமல் இல்லை. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தோம். அவருக்கு ஏமாற்றம், விலையைக் கூடக் குறைத்துப் பார்த்தார், பாவம்.

இப்போது மகள் வழிப் பேரன் சேலத்தில் நம்மோடு இருக்கின்றான். பதின்மூன்று வயது. சென்ற ஆண்டு அவனுக்குக் கிதார் வாங்கித் தந்தோம். அவன் முதற் கருவி. ஒலிபெருக்கி வேண்டாமாம்; காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் எந்த நாட்டு ஒலிபெருக்கியின் குரலையும் வரவழைத்துக் கொள்கின்றான். நள்ளிரவிலும் வாசிக்கின்றான். அவனுக்கு எவருடைய இருமலும் கேட்காது. நமக்கும் அவன் இசை கேட்பதில்லை. விரல்கள் ஓடுவது மட்டும் தெரிகின்றது.

போன மாதம், “நன்னா, தந்தி உயரமாக இருக்கிறது, விரல் வலிக்கிறது. இறக்கித் தாருங்கள்” என்று கொண்டு வந்தான். பார்த்தோம். மூன்று மில்லிமீட்டர் இருக்கும். நமக்கு அது தாழ்வு. இப்படியே இருக்கட்டும், வலித்தால்தான் விரல் பேசும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தோம், தோல் சிவந்திருந்தது. 1978-இல் தமையனார் நம் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே பட்டறைக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. அவர் வலியைக் குறைக்கத்தான் போனார், கூட்டப் போகவில்லை.

பழைய பெட்டியிலிருந்து திருகாணி முடுக்கியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு தந்தியாகக் கால் சுற்று, கால் சுற்று என்று இறக்கினோம். இரண்டு மில்லிமீட்டருக்கு வந்ததும் நிறுத்தி அவனிடம் நீட்டினோம். காதுக் கருவியை மாட்டப் போனவனை, “ஒரு முறை அந்தப் பெட்டி இல்லாமல் வாசி” என்றோம். வாசித்தான்.